பெனடால் மட்டும்தான்

2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை இரவு. மாசாயில் அக்கா வீட்டுச் சமையலறை. மேசையின் ஒரு பக்கம் அச்சு முறுக்குக்குக் கரைத்து வைத்த மாவு, மறுபக்கம் மருந்துக்கடையில் வாங்கிய ஆர்.டி.கே. பெட்டி. தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. மூன்றாம் ஆண்டு படிக்கும் அக்கா மகன் நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்து, "சித்தி, ரொம்ப உள்ள போவாதீங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

ஜொகூர் பாருவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பிறர் மூக்கிலிருந்து வந்த குச்சிகளை எண்ணிட்டு, இயந்திரத்தில் ஏற்றி, முடிவை எழுதி அனுப்புவேன். குடும்பத்தில் இதற்கு ஒரு பட்டம் இருக்கிறது. "லேப்ல இருக்கா" என்பார்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் டாக்டருக்கு முன்னால் எனக்குத்தான் போன் வரும். அவன் வகுப்பில் அந்த வாரம் ஏழெட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். இவனுக்கு செவ்வாய் இரவு காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை உடம்பு குளிர்ந்து, மாவை விரலால் தொட்டு நக்கும் அளவுக்குத் தேறிவிட்டான். மறுநாள் குளுவாங்கில் பாட்டி வீட்டுக்குப் போய்ப் பலகாரம் சுடுவதாக ஏற்பாடு. பாட்டிக்கு 81 வயது. அதனால்தான் இந்தக் குச்சி.

குச்சியைத் திரவத்தில் சுற்றும்போது வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். "மருந்து ஏதும் குடுத்தியா?"

"பெனடால் மட்டும்தான்" என்றாள் அக்கா, மாவைப் பார்த்துக்கொண்டே.

பதினைந்து நிமிடம். 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு வந்தது. 'ஏ'க்கும் 'பி'க்கும் நேரே வெள்ளை. போன் விளக்கை அடித்துச் சாய்த்துப் பார்த்தேன், ஏதாவது நிழலாவது தெரிகிறதா என்று. இல்லை.

"ஒன்னும் இல்ல. போலாம்" என்றேன்.

இந்த மூன்று சொற்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சனிக்கிழமை காலை சிம்பாங் ரெங்கம் டோலில் இறங்கி குளுவாங் போய்ச் சேர்ந்தோம். பெரிய மாமா வீட்டுப் பின்கட்டில் அடுப்பு வைத்து, பாட்டி முக்காலியில் உட்கார்ந்து, அச்சை எண்ணெயில் முக்கி எடுத்துத் தட்டித் தட்டி முறுக்கை விழ வைத்தார். இவன் பக்கத்தில் உட்கார்ந்து உடைந்ததையெல்லாம் தின்றுகொண்டிருந்தான். நடுநடுவே இருமினான். "எண்ணெப் புகை" என்றார் பாட்டி. முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். அதே முந்தானையால் தன் நெற்றி வேர்வையையும் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த ஞாபகம் எனக்குத் தெளிவாக இருக்கிறது. பார்க்கும்போது ஒன்றும் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை பாட்டிக்குக் காய்ச்சல். மாமா எனக்குப் போன் செய்தது புதன் இரவு. வியாழன் காலை மூச்சு வாங்குகிறது என்று அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய் போட்டிருந்தது. இளம் மருத்துவர் ஒருவர், நம்மைவிட நான்கைந்து வயது குறைவாக இருப்பார், கையில் பாரத்தோடு வந்து கேட்டார்: "டி ருமா அடா சியாப்பா டெமாம்?" வீட்டில் யாருக்காவது காய்ச்சலா?

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

அத்தான் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலத்தைக் கடக்கும் ஆயிரக்கணக்கானோரில் ஒருவர். முந்தைய ஆண்டு அங்கே காய்ச்சல் வந்து, கிளினிக்கில் ஐந்து நாளுக்கு டாமிஃப்ளூ கொடுத்திருக்கிறார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று, மொத்தம் பத்து மாத்திரை. இரண்டாம் நாளே உடம்பு லேசாகிவிட்டது. மிச்சம் ஆறு. விலை கூடுதலான மருந்து, தூக்கிப்போட மனசு வராது. நம் வீட்டுப் பெண்கள் எதைத்தான் தூக்கிப்போடுகிறார்கள்? ஐஸ்கிரீம் டப்பாவில் கருவாடு இருப்பதுபோல, பிஸ்கட் டின்னில் மருந்து இருக்கும். புதன் காலை அதிலிருந்து ஒன்றை எடுத்து, மூடியைக் கழற்றி, தூளில் முக்கால்வாசியை மைலோவில் கலந்து பையனுக்குக் கொடுத்திருக்கிறாள். புதன் இரவு ஒன்று. வியாழன் இரண்டு. வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டதும் நிறுத்திவிட்டாள்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ கத்துவ."

உண்மைதான். கத்தியிருப்பேன். டாக்டரைக் கேட்காமல், பெரியவர்களுக்கான மாத்திரையை, எடையெல்லாம் பார்க்காமல், இரண்டு நாள் கொடுத்து நிறுத்தினாயா என்று அந்தச் சமையலறையிலேயே கத்தியிருப்பேன். ஆனால் அப்படிக் கத்தியிருந்தால் அந்தக் கோடு இல்லாத இடத்தை வேறு மாதிரிப் பார்த்திருப்பேனா? மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் இதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். மருந்து என் சோதனையை ஏமாற்றிவிட்டதா?

அது எப்படி வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. ஃப்ளூ கிருமியின் மேல்தோலில் இரண்டு வகையான முட்கள் உண்டு. எச்1என்1, எச்3என்2 என்று பெயரிடுகிறார்களே, அந்த 'எச்' ஒரு முள், 'என்' இன்னொன்று. ஹீமக்ளூட்டினின் என்பது பிடித்துக்கொள்ளும் முள். நம் செல்லின் மேலிருக்கும் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டு உள்ளே போவதற்கு. நியூராமினிடேஸ் வெட்டிவிடும் முள். உள்ளே பெருகிய புதுக் கிருமிகள் வெளியே வரும்போது அதே சர்க்கரையில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பலாப்பழம் உரித்த கை மாதிரி. அந்த ஒட்டை வெட்டிவிட்டால்தான் அடுத்த செல்லுக்குப் போக முடியும். ஓசெல்டமிவிர், அதாவது டாமிஃப்ளூ, இந்தக் கத்தரிக்கோலின் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்வதில்லை. பிறந்த இடத்திலேயே ஒட்டிக் கிடக்க வைக்கிறது. அந்தக் கத்தரிக்கோலின் வடிவத்தை 1983-இல் ஆஸ்திரேலியாவில் வர்கீஸ், லேவர், கோல்மன் மூவரும் கண்டு வெளியிட்டார்கள். அந்த வடிவத்துக்கு ஏற்ப அளவெடுத்துத் தைத்ததுதான் ஸனாமிவிரும், அதன்பின் வந்த ஓசெல்டமிவிரும்.

இதில் எனக்குப் பிடித்த ஒரு விஷயம். டாமிஃப்ளூ செய்யத் தேவையான ஷிகிமிக் அமிலத்தை நெடுங்காலம் அன்னாசிப் பூவிலிருந்துதான் எடுத்தார்கள். நாம் பிரியாணியில் போடும் அதே நட்சத்திரப் பூ, பசாரில் 'பூங்கா லாவாங்' என்று கேட்டு வாங்குவது. 2005-இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் உலகமே டாமிஃப்ளூவைப் பதுக்கத் தொடங்கியபோது அந்தப் பூவுக்கும் தட்டுப்பாடு வந்தது. பூவைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதும் என்று கிளம்பியவர்களும் உண்டு. அந்த அமிலம் வேதிமாற்றங்கள் பலவற்றைத் தாண்டித்தான் மருந்தாகிறது. பூவைக் குடித்தால் வயிற்றில் பூதான் இருக்கும்.

சரி, மருந்து உடம்பில் இருக்கும்போது மூக்கில் குச்சி விட்டால் என்ன ஆகும்? எந்தச் சோதனை என்பதைப் பொறுத்தது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஒரு சோதனை இருந்தது. அது கிருமியைத் தேடாது, நேரடியாக அந்தக் கத்தரிக்கோலின் வேலையைத் தேடும். ஒரு செயற்கைச் சர்க்கரையைக் கொடுத்து, அது வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பது. அந்த மாதிரிச் சோதனையில் தொண்டைச் சளியோடு கொஞ்சம் மருந்தும் ஒட்டிக்கொண்டு வந்தால் கதை முடிந்தது. கத்தரிக்கோல் இருக்கிறது, வாய் அடைபட்டிருக்கிறது, வெட்டு விழாது, முடிவு 'இல்லை'. மருந்து உண்மையிலேயே சோதனையை ஏமாற்றுவது என்றால் இதுதான்.

இரண்டாவது, கிருமியை வளர்த்துப் பார்ப்பது. பயிற்சிக் காலத்தில் இதை ஒருமுறை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நுண்ணோக்கியில் தெரிந்த அந்தச் செல்கள் ஒரு நாயினுடையவை. 1958-இல் மாடின், டார்பி என்ற இருவர் ஒரு காக்கர் ஸ்பேனியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து எடுத்து வளர்க்கத் தொடங்கிய செல்கள் இன்றும் உலகமெங்கும் கண்ணாடிக் குடுவைகளில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஃப்ளூ கிருமிக்கு அந்த நாய் மிகவும் பிடிக்கும். குச்சியிலிருந்த சளியை அதன் மேல் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்தால், கிருமி உயிரோடு இருக்கும் பட்சத்தில் செல்கள் சுருங்கிச் சாகும். "நோயாளி சாப்பிட்ட மருந்தும் சளியோட சேந்து குடுவைக்குள்ள போவும், மறந்திடாதீங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். டாமிஃப்ளூ கல்லீரலில் செயல்படும் வடிவத்துக்கு மாறி ரத்தத்தின் வழியே மூக்குக்கும் தொண்டைக்கும் வருகிறது. குச்சியை முக்கும் திரவத்தில் அது நீர்த்துப்போகும் என்பது கொஞ்சம் ஆறுதல். ஆனால் இந்த மருந்துக்கு நானோமோல் கணக்கில் இருந்தாலே போதும். ஸனாமிவிர் இன்னும் மோசம். வாயால் உறிஞ்சும் தூள் அது. பெரும்பகுதி நுரையீரலுக்குப் போகாமல் தொண்டையிலேயே படிந்துவிடும். நம் குச்சி போய்த் தடவும் அதே இடத்தில்.

ஆனால் என் அக்கா வீட்டு மேசையில் நான் செய்தது இந்த இரண்டும் இல்லை. ஆர்.டி.கே. கிருமியின் உட்புறத்திலிருக்கும் ஒரு புரதத்தைப் பிடிக்கிறது. கத்தரிக்கோல் அடைபட்டிருந்தால் அதற்கென்ன? பி.சி.ஆர். கிருமியின் ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறது. அதற்குமுன் சளியைக் கரைத்து, கழுவி, ஆர்.என்.ஏ.வை மட்டும் தனியே பிரித்தெடுக்கிறோம். மருந்து இருந்தாலும் அந்தக் கழுவலிலேயே போய்விடும்.

சோதனைப் பெட்டிகளுக்குள் பட்டுப்புடவைக் கடை ரசீதுபோல மடித்து மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். யாரும் படிப்பதில்லை. எனக்கு வேலையே அது என்பதால் படித்திருக்கிறேன். அதில் ஒரு பட்டியல் வரும்: முடிவைக் குழப்பக்கூடும் என்று பரிசோதித்துப் பார்த்த பொருள்கள். ரத்தம், சளி, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே, தொண்டை மிட்டாய். பல பெட்டிகளில் அந்த வரிசையில் டாமிஃப்ளூவோ ஸனாமிவிரோவும் இருக்கும். குழப்பவில்லை என்று கீழே எழுதியிருக்கும்.

வராந்தாவில் அந்தப் பட்டியலை நினைத்தபோது முதலில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது, வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அக்கா மேல் பழியில்லை, மருந்து ஏமாற்றவில்லை. அப்புறம்தான் உறைத்தது. அந்தப் பரிசோதனையை எப்படிச் செய்கிறார்கள்? தெரிந்த அளவு கிருமியை ஒரு குழாயில் போட்டு, மேலே மருந்தைச் சொட்டி, உடனே சோதிக்கிறார்கள். குழாயில் மருந்துக்கு நேரமில்லை. இரண்டு பகல், இரண்டு இரவு ஒரு பையனின் மூக்கில் இருந்துகொண்டு கிருமியைக் குறைத்துக்கொண்டே போகும் வேலையை அது குழாயில் செய்யவே இல்லை. கோடு வராமல் போனதற்கு மருந்து காரணமென்றால், அது தன் கடமையைச் செய்ததால்தான்.

அதுவும் முழுக் காரணமா என்றால் சொல்ல முடியாது. இருக்கும் ஃப்ளூவில் பாதி முதல் 70 விழுக்காடு வரைதான் பிடிக்கும் துரிதச் சோதனைகள் பலவும் புழக்கத்தில் உண்டு. காய்ச்சல் தொடங்கி மூன்றாம் நாள், பையன் தலையை ஆட்டுகிறான், சித்தி இரக்கப்பட்டுக் குச்சியைப் பாதியில் எடுத்துவிடுகிறாள். மருந்தே கொடுக்காமல் இருந்திருந்தாலும் அந்தக் கோடு வராமல் போயிருக்கலாம். காய்ச்சல் விட்டதும் மருந்தால்தான் என்று அக்கா சத்தியம் செய்வாள். 2014-இல் கோக்ரேன் குழுவினர், மருந்து நிறுவனம் வருடக்கணக்கில் கொடுக்காமல் வைத்திருந்த ஆய்வறிக்கைகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். பெரியவர்களுக்கு 7 நாள் நீளும் தொல்லை 6.3 நாளாகிறது. வேறு நோயில்லாத பிள்ளைகளுக்கு ஒரு நாளுக்குச் சற்று கூடுதலாகக் குறைகிறது. அவ்வளவுதான். குணமாகிக்கொண்டிருந்த பையனுக்கு அது கொஞ்சம் முன்னால் குணமானதுபோல் காட்டியது. இன்னும் இருமிக்கொண்டிருந்த பையனை நாங்கள் காடியில் ஏற்றினோம்.

ஒன்று செய்தேன். வியாழன் இரவே மாசாய்க்குத் திரும்பி அவன் மூக்கிலிருந்து மறுபடியும் குச்சி எடுத்தேன். இந்தமுறை இரக்கப்படவில்லை. வெள்ளிக்கிழமை காலை என் ஆய்வுக்கூடத்திலேயே, ஊழியர் விலையில் பணம் கட்டி, முறைப்படி பதிந்து பி.சி.ஆர். போட்டேன். காய்ச்சல் தொடங்கி பத்தாம் நாள், மருந்து நிறுத்தி ஒரு வாரம். திரையில் வளைகோடு கடைசி நேரத்தில், சோம்பேறித்தனமாக எழுந்தது. 34ஆவது சுற்று. பி.சி.ஆரில் ஆர்.என்.ஏ.விலிருந்து படியெடுத்த டி.என்.ஏ. ஒவ்வொரு சுற்றுக்கும் இரட்டிப்பாகும். கிருமி நிறைய இருந்தால் இருபதுக்குள்ளேயே கோடு மேலே போய்விடும். 34 என்றால் அடிச்சட்டியில் ஒட்டிய சோறு. உயிருள்ள கிருமியா, செத்துப் போனதன் சிதறலா என்று பி.சி.ஆருக்குத் தெரியாது. வகை 'ஏ'. பாட்டியினுடையதும் 'ஏ'.

ஆக அவனுக்கு ஃப்ளூ இருந்தது. வெள்ளிக்கிழமை என் கையிலிருந்த அட்டை தவறு. அவனிடமிருந்துதான் பாட்டிக்குப் போனதா என்பதை அந்த 34 சொல்லாது. அந்த நாட்களில் நாடு முழுக்க ஃப்ளூ. ஒரே வாரத்தில் தொற்றுக் குழுமங்கள் 14லிருந்து 97 ஆகிவிட்டன, சுமார் 6,000 மாணவர்கள் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள், சில பள்ளிகளை மூடியிருக்கிறார்கள் என்று அமைச்சுகள் அறிவித்துக்கொண்டிருந்தன. குளுவாங் பசாரில் மீன் வாங்கிய இடத்தில்கூட வந்திருக்கலாம். இப்படி மாமாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினார். பாட்டி அந்த வாரம் பசாருக்குப் போகவில்லை என்று அவர் சொல்லவில்லை. அத்தைதான் சொன்னார்.

என் வேலையில் 'இல்லை' என்ற சொல் கிடையாது. அறிக்கையில் 'நாட் டிடெக்டட்' என்றுதான் அச்சாகும். அரசுத் தாள்களில் 'டிடாக் டிகெசான்'. கண்டறியப்படவில்லை. ஒரு நாளைக்கு நூறுமுறை அதைப் பார்க்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் போனில் நோயாளியிடம் "நெகட்டிவ், ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டால் கூப்பிட்டுக் கண்டிப்பவள் நான்தான். நீ தேடின, உனக்குக் கிடைக்கல, அதை மட்டும் சொல்லு என்பேன். தேடியதற்கும் இருப்பதற்கும் நடுவே எத்தனை இடைவெளி இருக்கிறது என்று, குச்சி எடுத்த இடம், நாள், மருந்து, திரவம், குளிர்ப்பெட்டி எல்லாவற்றையும் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறேன். ஆய்வுக்கூட வாசலைத் தாண்டி வீட்டுக்குள் வந்ததும், மாவு வாசனையில், "ஒன்னும் இல்ல. போலாம்". தமிழில் பேசியதால் வந்த வினை என்று ஒரு கணம் நினைத்தேன். அது சாக்கு. 'தெரியல' என்ற சொல்லும் தமிழில்தான் இருக்கிறது. பத்து நாளில் தீபாவளி, காடியில் பெட்ரோல் போட்டாயிற்று, மாவு கரைத்தாயிற்று, பாட்டி காத்திருக்கிறார். 'தெரியல' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அக்கா 'பெனடால் மட்டும்தான்' என்றது எந்த மாதிரிப் பொய் என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். எங்கள் பாரங்களில் 'உட்கொள்ளும் மருந்துகள்' என்று ஒரு கட்டம் உண்டு. பத்துக்கு ஒன்பது வெறுமையாக வரும். மருந்தே சாப்பிடாதவர்களா இத்தனை பேர்? கஷாயம், சின்செ கொடுத்த தூள், பக்கத்து வீட்டு ஆன்டிபயாடிக், சிங்கப்பூரிலிருந்து வந்த மிச்சம். டாக்டர் திட்டுவார் என்று டாக்டரிடம் மறைப்பது, மாமியார் பேசுவார் என்று மாமியாரிடம் மறைப்பது. லேப்பில் இருக்கும் தங்கச்சி எப்போது மாமியார் ஆனாள் என்று எனக்குத் தெரியவில்லை. கோவிட் காலத்தில் நான் பேசிய பேச்சு அப்படி. சின்னச் சின்னத் தப்புக்கெல்லாம் குடும்ப வாட்சாப்பில் பத்திப் பத்தியாக எழுதியவள் நான்.

பாட்டிக்கும் அதே டாமிஃப்ளூதான் கொடுத்தார்கள். மருத்துவமனை போன அன்று இரவே. காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நல்ல பலன் என்பார்கள். முதியவர்களுக்கு, நிலைமை மோசமானவர்களுக்குத் தாமதமானாலும் கொடுப்பார்கள். பாட்டிக்குச் சிறுநீரகம் கொஞ்சம் பலவீனம், அதனால் அளவைக் குறைத்தார்கள். மருந்து முழுக்கச் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். வெளியேறியும் அது ஓய்வதில்லை என்பது வேறு கதை. கழிவுநீர் ஆலைகள் அதைச் சரியாக அழிப்பதில்லை. ஜப்பானில் ஆற்று நீரில் கண்டுபிடித்திருக்கிறார்கள். சுவீடன் ஆய்வாளர்கள் 2011-இல் வாத்துகளுக்கு ஃப்ளூ கொடுத்து, அவை நீந்தும் நீரில் கொஞ்சம் மருந்தைக் கலந்து பார்த்தார்கள். வாத்துக்குள்ளேயே கிருமி மருந்துக்கு வளைந்து கொடுக்காத வடிவத்துக்கு மாறிவிட்டது. பாட்டியின் கட்டிலுக்குக் கீழே தொங்கிய பையைப் பார்த்தபோது மெங்கிபோல் ஆற்று வாத்துகள் ஞாபகத்துக்கு வந்தன. அங்கே வாத்து உண்டா என்றுகூட நான் பார்த்ததில்லை. வராந்தாவில் அதிக நேரம் உட்கார்ந்தால் புத்தி இப்படித்தான் போகும்.

மிச்ச மாத்திரையில் இதே பயமும் உண்டு. கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போது குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு மருந்து கொடுத்தால் தப்பிப் பிழைப்பது மருந்துக்கு அடங்காததாக இருக்கலாம். இதையும் அக்காவிடம் சொல்லத்தான் நினைத்தேன். 2007-08 குளிர்காலத்தில் நார்வேயில் டாமிஃப்ளூவுக்கு அடங்காத எச்1என்1 திடீரென்று பெருகி, அடுத்த ஆண்டுக்குள் உலகம் முழுக்கப் பரவியது. அங்கே அந்த மருந்தை அதிகம் பயன்படுத்துவதுகூட இல்லை. யாரும் அரைகுறையாகச் சாப்பிட்டதால் வந்தது என்று சொல்ல முடியவில்லை. கிருமி தன் போக்கில் மாறிக்கொண்டது. 2009-இல் புது எச்1என்1 வந்து அதை அடித்துத் துரத்தியது. பழியை ஓர் ஆள்மேல் போடலாம் என்று போகும்போதெல்லாம் இந்தக் கிருமி இடம் கொடுப்பதில்லை.

தீபாவளி மருத்துவமனையில். மாமா வீட்டில் ஐந்து டின் முறுக்கு அப்படியே இருந்தது. வார்டில் தாதியருக்கு ஒரு டின் கொடுத்தோம். 24ஆம் தேதி பாட்டி வீடு திரும்பினார். இப்போது படுக்கையிலிருந்து சமையலறைக்கு நடக்கும் வழியில் மாமா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார். அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மீதி தூரம். அது முன்பு இல்லை. யாரிடமிருந்து வந்தது என்று அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பையனுக்கு இருமல் விட்டதா என்று மட்டும் கேட்டார்.

நவம்பரில் ஒருநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். பிஸ்கட் டின்னை அப்படியே எடுத்து வந்திருந்தாள். அரசு மருத்துவமனை மருந்தகத்தில் மிச்ச மருந்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், என்னையும் கூட வரச் சொன்னாள். மேசையில் கொட்டிப் பிரித்தோம். இரண்டு டாமிஃப்ளூ மாத்திரை. 2021 தேதியிட்ட இருமல் சிரப். அம்மாவின் பழைய பிரஷர் மாத்திரை, அம்மா போய் ஆறு வருடமாகிறது. பெயரே தெரியாத மஞ்சள் குளிகை ஏழு. ஒவ்வொன்றையும் எடுத்து, எப்போது வாங்கியது, யார் சாப்பிட்டது, ஏன் நிறுத்தியது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாவின் மாத்திரை அட்டை வந்ததும் சற்று நேரம் கையில் வைத்திருந்தாள்.

"இத மட்டும் வச்சிக்கிறேன்டி. யாருக்கும் குடுக்க மாட்டேன்."

கத்தவில்லை. தேதியைப் பார்த்தேன், அட்டையை அவள் கைப்பைக்குள்ளேயே வைத்துவிட்டு, மற்றதைப் பையில் போட்டுக் கட்டினேன். காடியில் போகும்போது அவளே ஆரம்பித்தாள், இன்னொன்றும் கொடுத்தாளாம் அந்த வாரம், ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி மூக்கில் காட்டினாளாம், அது பரவாயில்லையா என்று.